காலர் இல்லாத நாய்கள்

1

இந்தக் கதை ஒரு நோட்டீசிலிருந்து பிறந்தது. அதை எழுதியவனும் நான்தான். 1974இல் குமுளிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை. 'காலர் இல்லாத நாய்கள் வெள்ளிக்கிழமை சுடப்படும்.' மேனேஜர் சொன்னார், எழுதி ஒட்டினேன். பிறகு எத்தனையோ கதை எழுதிவிட்டேன். நான் எழுதியபடியே நடந்தது அந்த ஒரு வரி மட்டும்தான்.

(காரணம் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு குழந்தையை வெறிநாய் கடித்திருந்தது. மேனேஜரைக் கொடியவராக்கிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.)

2

முதல் தொடக்கம்: 'கடலைப் பார்த்தபடி நின்ற அந்தப் பங்களாவில்...'

வேண்டாம். கடல் தெரியும் என்று எஸ்டேட்டின் விருந்தினர் பங்களா விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வானம் தெளிந்தால் மேற்கே ஒரு வெள்ளைக்கோடு தெரியும். கடலோ பனியோ, யார் கண்டது!

இரண்டாவது: 'நாயோடு வரும் விருந்தினருக்கு அந்த எஸ்டேட் பங்களாவில்...'

இது உண்மை. நாய்க்குத் தனித் தட்டு, தனிக் கம்பளி. அந்தத் தட்டைக் கழுவியவள் வேலுத்தாய். பங்களாவில் சமையலும் துப்புரவும் அவள்தான். லயத்து அறையில் அவளும் இரண்டு பிள்ளைகளும், கருவாயன் என்ற நாயும். நோட்டீஸ் கருவாயனுக்கு.

3

அந்த வாரம் கொச்சியிலிருந்து ஓர் அம்மாள் ஜூலியோடு வந்தார். கடற்கரையில் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வளர்த்தாராம். சுத்த நாட்டு நாய். கருவாயனுக்கும் அதற்கும் அதே செம்பட்டை நிறம், அதே கறுத்த வாய். ஜூலியின் கழுத்தில் கிடந்த சிவப்புத் தோல்பட்டை ஒன்றுதான் வித்தியாசம்.

"கிளார்க்கய்யா, கழுத்துல கயிறு கட்டியிருந்தா சுடாம விட்ருவாகளா?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"கயிறு ஆகாது வேலுத்தாயி. காலர்னுதான் போட்டிருக்கு."*

"பட்டைக்கு நான் எங்கய்யா போவேன்?"

* நாலு வரைவிலும் இந்தப் பதிலை இளக்கிப் பார்த்தேன். இளகவில்லை. இப்படித்தான் சொன்னேன், பாவி.

4

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜூலியைக் குளிப்பாட்டும் வேலை வேலுத்தாய்க்கு. மூன்று மணிக்கு ஆபீஸ் வாசலைத் தாண்டிக் கருவாயன் போனது. கழுத்தில் சிவப்புப் பட்டை. உடம்பில் குளித்த ஈரம் இல்லாததால்தான் அது ஜூலி அல்ல என்று கண்டேன்.

அப்படியானால் ஜூலி எங்கே? விறகுக் கொட்டகையில் அடைத்திருப்பாள். அந்தக் கொட்டகைக் கதவின் கொண்டி நிற்காது. பழுதுபார்க்கச் சொல்லி நானே இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன். ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் நாற்காலியிலிருந்து எழுந்து

(இந்த வாக்கியம் இதற்கு மேல் போகாது. நான் எழுந்திருக்கவில்லை.)

ஒரே ஒரு வெடிச்சத்தம்.

5

முடிவு அ: காவல்காரர் அழகுமலைக்குக் குறி தப்பியது.
அவருக்குக் குறி தப்பி யாரும் பார்த்ததில்லை.

முடிவு ஆ: வெடித்தது ஜீப் டயர்.
சீ, எனக்கே வெட்கமாக இருக்கிறது.

செத்தது ஜூலி. கொண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

வேலுத்தாய் ஆபீசுக்குள் ஓடிவந்தாள். புடவையெல்லாம் ஈரம். கருவாயன் கழுத்திலிருந்து கழற்றிய பட்டையை என் மேஜைமேல் வைத்தாள்.

"அய்யா, புள்ளைகளோட என்னைய லயத்தை விட்டே வெரட்டிருவாக. பங்களா ரிஜிஸ்டர்ல ஒரு வரி போடுங்கய்யா. காலையிலயே பட்டை அறுந்து காணாமப் போச்சுன்னு. நீங்க எழுதுனா மேனேஜர் நம்புவாரு."

எழுதினால் பழி அந்த அம்மாள் மேல் விழும்: காலர் தொலைந்தும் நாயைக் கட்டிப்போடாமல் விட்டவர் என்று. அவர் புல்வெளியில் நின்று இன்னும் "ஜூலீ... ஜூலீ..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

6

அன்று நான் என்ன செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் என்னைத் திட்டிவிட்டோ மெச்சிவிட்டோ புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அவள் அப்படியே நிற்பாள்.

ரிஜிஸ்டர் திறந்திருக்கிறது. பட்டையை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டேன், அந்த மட்டில் உதவி. பேனாவை நீங்கள் பிடியுங்கள்.

'வெள்ளிக்கிழமை. ஜூலி என்னும் நாயின் காலர் ........................'

சீக்கிரம். மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கிவிட்டார்.