அரையிறுதியில் ஒரு மச்சானும் மாப்பிள்ளையும்

சக டென்னிஸ் ஆட்டக்காரர்கள் அவனை நெட்டை என்பார்கள். அவன் உயரத்தைப் பார்த்து மிரண்டுபோகும் எதிராளிகள், அவன் முதல் சர்வீஸைப் போட்டதும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். பந்து அவ்வளவு நிதானமாகப் போகும். இதனாலேயே இரட்டையர் ஆட்டத்துக்கு அவனோடு ஜோடி சேர யாரும் முன்வருவதில்லை. கடைசியில் தங்கை புருஷன்தான் சிக்கினான். மாட்டேன் என்றால் அவனுக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

இந்தப் போட்டியிலும் இருவரும் தகுதிச் சுற்றிலேயே தோற்று, பெட்டியைக் கட்டிவிட்டார்கள். கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். வேறொரு ஜோடியில் ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம், அந்த இடம் இவர்களுக்கு. முதல் சுற்றில் எதிராளிக்குக் கணுக்கால் பிசகியது. காலிறுதியில் எதிராளிக்கு வயிற்றுப்போக்கு, ஆள் வரவே இல்லை.

"உங்க வெற்றி ரகசியம் என்ன?" என்று கேட்டார் ஒரு நிருபர்.

"நாங்க ரெண்டு பேரும் இன்னும் நடமாடறோம் சார்," என்றான் நெட்டை.

அரையிறுதியில் எதிராளிகள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். முதல் செட்டில் இவர்களை ஊறப்போட்டுத் துவைத்தார்கள். இரண்டாவதில் நெட்டைக்கு ரோஷம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சர்வீஸ் போட்டான். அவன் ஆயுளிலேயே வேகமான பந்து அது. வலையருகே குனிந்து நின்ற மாப்பிள்ளையின் பின்மண்டையில் போய் இறங்கியது.

அரங்கமே சிரித்தது. நெட்டை பதறி ஓடினான். "மாப்ளே, பலமா பட்டுடுச்சா?"

மாப்பிள்ளை தலையைத் தேய்த்துக்கொண்டான். "இவ்வளவு வேகத்தை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க மச்சான்? அதைக் கொஞ்சம் அந்தப் பக்கம் போடக்கூடாதா?"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நடுவர் அதட்டிய பிறகுதான் அடங்கினார்கள். மானம் போனதோடு பயமும் போய்விட்டது போலிருக்கிறது. இரண்டாவது செட் இவர்கள் கைக்கு வந்தது. மூன்றாவது செட் கடைசிவரை இழுத்தது. அப்போது ஒரு பந்து உயரே எழும்பி, இருவருக்கும் நடுவே இறங்கியது.

"நீங்க எடுங்க மச்சான்!"

"நீ எடு மாப்ளே!"

அந்த மரியாதையில் பந்து தரையில் விழுந்தது. ஆட்டமும் முடிந்தது.

ஜெயித்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். உடைமாற்றும் அறையில் நெட்டை தோற்றவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான். பக்கத்தில் மாப்பிள்ளை மண்டையில் ஐஸ்கட்டியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும்போது அது எங்கே முடியும்?