கபாலி வீட்டுப் பூகம்பம்

1934ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து, மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், வீணை வித்வான் கபாலியின் வீட்டுக்கு மட்டும் செவ்வாய்தோறும் மாலை நாலரை மணிக்குப் பூகம்பம் வந்துகொண்டிருந்தது. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட அடுத்த வீட்டில் டம்ளர் தண்ணீர்கூட அசையவில்லை. அந்த அடுத்த வீடு பூகோள வாத்தியார் ஸ்ரீரங்கனுடையது. இதைவிட அநியாயம் உண்டா? தை மாதம் பீகாரில் பூமி பிளந்த செய்தியைப் பேப்பரில் படித்த அன்றே வீட்டைத் தயார் செய்தவர் அவர். பரணிலிருந்த அண்டாக்களை இறக்கினார், பீரோவைத் தாம்புக்கயிற்றால் ஜன்னலோடு கட்டினார், ஊறுகாய் ஜாடிகளை வைக்கோலில் புதைத்தார். டம்ளர்களையும் அலமாரியோடு கட்டிவிட்டதால், தாகமெடுத்தால் அவர் மனைவி நீரஜா முதலில் முடிச்சை அவிழ்க்க வேண்டும். மணியடித்தால் மேஜைக்கடியில் நுழையவும் அவளைப் பழக்கினார். கபாலியோ ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

செவ்வாய் மாலையானால் பூகம்பம் பார்க்கத் தெருவே கபாலி வீட்டில் கூடியது. அவர் மனைவி காமாக்ஷி வந்தவர்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தாள். நீரஜாவும் தவறாமல் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தத்தோடு அவள் சிரிப்பும் சுவரைத் தாண்டி வந்தது. கல்யாணமான பதினோரு வருஷத்தில் அந்தச் சிரிப்பை ஸ்ரீரங்கன் தம் வீட்டுக்குள் கேட்டதில்லை. வயிறு பற்றி எரிந்தது. அது பூகம்பமே அல்ல, அஸ்திவாரக் கோளாறு என்று வகுப்பில் மூன்று பீரியட் பேசித் தீர்த்தார்.

பங்குனியில் ஒரு செவ்வாய், அது அவர் வீட்டுக்கும் வந்தது. தரை படகாக ஆடியது. மேஜைக்கடியில் முப்பத்தெட்டு வினாடி எண்ணினார். நீரஜா திரும்பியதும் நாக்குழறச் சொன்னார். அவள் சுற்றிலும் பார்த்தாள். கட்டியவை அத்தனையும் கட்டிய இடத்திலேயே இருந்தன.

"ஏன்னா, பொறாமைக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்றாள்.

வாழ்நாளில் பொய் சொல்லாத மனுஷர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை அரிவாளால் எல்லாக் கயிறுகளையும் அறுத்தார். அண்டாக்களைப் பரணின் விளிம்பிலும், ஜாடிகளை அலமாரியின் உச்சித் தட்டிலும் வைத்தார். நாளை ஒரு நாள் ஆத்திலேயே இருக்கும்படி மனைவியைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவர் கெஞ்சி அவள் பார்த்ததில்லை, அதனால் இருந்தாள்.

நாலரைக்கு அண்டாக்கள் உருண்டன, பீரோ நடந்தது, மாவடு ஜலம் கூடமெல்லாம் ஓடியது. ஸ்ரீரங்கன் பயத்தில் நீரஜாவின் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். நீரஜா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"பக்கத்தாத்தைவிட நம்மாத்துல நன்னாவே ஆடறது" என்றாள்.

பிறகு செவ்வாய்தோறும் பூகம்பம் இரண்டு வீட்டுக்கும் வந்தது. அந்த நேரத்தில் கபாலி சுவரில் காதை வைத்து ஒட்டுக் கேட்பதாகத் தெருவில் சொன்னார்கள். ஸ்ரீரங்கன் அடுத்த செவ்வாய்க்குப் புது ஜாடிகள் ஆறு வாங்கி வந்தார்.