சுளுக்கு விட்ட சத்தம்

அர்ச்சனா சொன்ன பொய் சின்னதுதான். "விரல்ல இன்னாடி?" என்று அப்பா கேட்டபோது, "சுளுக்குப்பா" என்றாள்.

வேறென்ன சொல்வாள்? வலது மோதிர விரலில் தசைநாரை எலும்போடு பிடித்து வைக்கிற பட்டை பாதி கிழிந்திருக்கிறது, மூன்று மாதம் பாறைப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொன்னதைச் சொன்னால், அப்பா ஒரேயடியாக முழுக்குப் போட வைத்துவிடுவார். செலியமேட்டில் கரும்பு போட்டிருக்கிற வீட்டுப் பெண், ஞாயிற்றுக்கிழமையானால் செஞ்சிப் பக்கம் போய் பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடப்பதே அவருக்குப் பிடிக்காது. வருகிற ஞாயிறு பாறையேற்ற அணித் தேர்வு. அவள் வருஷக்கணக்காக உயிரைக் கொடுத்து உழைத்தது அதற்குத்தான்.

வலி என்றால் அப்படி இப்படி வலியில்லை. காலையில் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டாள். டேப் சுற்றி, ஐஸ் வைத்து, மாத்திரை விழுங்கி ஏறுவாள். உடம்பு சூடானதும் வலி அடங்கிவிடும். இறங்கியதும் இரட்டிப்பாக வந்து நிற்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் அப்பா ஆதிமூலம் கால் முன்னே வரப் பிறந்தவர். அப்படிப் பிறந்தவர் தொட்டால் சுளுக்கு ஓடிப்போகும் என்பது ஊர் நம்பிக்கை. முதுகு பிடித்துக்கொண்டால் காலால் ஒரு மிதி. கை, விரல் என்றால் விளக்கெண்ணெய் தடவி, நீவி, ஒரே இழுப்பு. பாகூரிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அவரிடம் போய்ச் சுளுக்கு என்று சொன்னாளே, புத்திசாலி!

"ஊருக்கெல்லாம் எடுத்து வுடறேன். பெத்த பொண்ணுக்கு என் கை ஆவாதா?" என்று தினமும் கேட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டபோது குரல் கம்மிப் போயிருந்தது. அர்ச்சனாவுக்கு மனசு கேட்கவில்லை. அதோடு, சொல்வதற்கென்ன, அவளுக்கே ஒரு நப்பாசை. ஒருவேளை சரியாகிவிட்டால்? வலி அவளை அந்தப் பாடு படுத்தியிருந்தது. கையை நீட்டினாள்.

"மெதுவாப்பா."

"எனக்கே சொல்லித் தர்றியாடி?"

நீவினார், நீவினார், சட்டென்று இழுத்தார். டப்பென்று சத்தம் கேட்டது.

"வுட்டுடுச்சு!" ஆதிமூலத்துக்கு முகமெல்லாம் பல். "கேட்டியா? அதாண்டி சுளுக்கு வுட்ட சத்தம்."

பாறை ஏறுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு. மிச்சமிருந்த பட்டையும் அறுந்துவிட்டது என்று அர்ச்சனாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"போச்சுப்பா" என்றாள்.

"போவாம இன்னா செய்யும்? யார் கை!"

தான் எடுத்துவிட்ட விரலால் அவள் ஏறுவதைப் பார்க்க, ஞாயிற்றுக்கிழமை அவரும் கூடவே கிளம்பினார், முதல் தடவையாக. தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் மகளைக் காட்டிப் பெருமையடித்தார். அவள் டேப் சுற்றிய விரலைத் துப்பட்டாவுக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

தேர்வுக்கு வைத்திருந்த ஏறும் சுவரில் பாதி உயரம்கூடப் போகவில்லை. பிடி நழுவிக் கயிற்றில் தொங்கினாள். மறுபடி ஏறினாள், மறுபடி தொங்கினாள். கீழே இறக்கியதும் கோச் சகாய சுரேஷ் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"விரல்தானம்மா? அடின்னா அடின்னு சொல்லு. டாக்டர் சீட்டு குடுத்தா, ஆறினப்புறம் உனக்குத் தனியா டெஸ்ட் வைக்கச் சொல்றேன். இல்லன்னா இன்னியோட பேரை எடுத்துடுவாங்க. எப்படி ஆச்சு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆதிமூலம் வந்துவிட்டார். "விரல்ல ஒண்ணுமில்ல சார். சுளுக்கு இருந்துச்சு, நானே எடுத்து வுட்டேன். அவளையே கேளுங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் அவள் கையையே பார்த்தது. "இல்லடி?"

அவர்மேல் ஆத்திரமாக வந்தது. தன்மேல் அதைவிட. உண்மையைச் சொன்னால் இடம் மிஞ்சும். ஆனால் பெற்ற பெண்ணின் விரலைத் தானே அறுத்தோம் என்று தெரிந்தால் இந்த மனுஷன் அப்புறம் எந்தக் கையால் சோறு தின்பார்?

"ஆமா சார். விரல்ல ஒண்ணுமில்ல. என்னால ஏற முடியல, அவ்ளோதான்."

சகாய சுரேஷ் பட்டியலில் அவள் பேரை அடித்தார். பிறகு அடுத்த பேரைக் கூப்பிடப் போய்விட்டார்.

ஆதிமூலம் மகள் தலையைத் தடவிக் கொடுத்தார். "பயந்துட்டடி. வுடு, இன்னொரு வருஷம் இல்லாமலா போவும்? வூட்டுக்குப் போயி அந்த இடது கையையும் ஒருவாட்டி நீவிப் பாத்துடலாம்."