கோல்பிக்கு எடுத்த தூண்டில்

ராய்ஸ் டட்டன் போன் செய்தபோது வெண்டல் ஸ்க்ரக்ஸ் சமையலறைச் சுவரில் வலது கையை விரல் விரலாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். தோள்பட்டையில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றரை மாதம் ஆகியிருந்தது. தினமும் இப்படிச் சுவரேற வேண்டும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டுப் போவது அவளுக்குச் சுலபம். பாதிச் சுவர் தாண்டுவதற்குள் வெண்டலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

“என்னடா பண்ற?” என்றார் ராய்ஸ்.

“சும்மாதான் இருக்கேன். டிவி பாக்குறேன்.”

“ஆர்லீன் கடைக்கு வர்றியா? பிச்சிங்குக்கு நல்லதா ஒரு செட்டு எடுக்கணும். ராடு, ரீலு, நரம்பு எல்லாம். நீ இல்லாம எனக்கு ஒண்ணும் ஓடாது.”

போனை வைத்த பிறகு வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ராய்ஸ் தன்னைக் கைவிடவில்லை. ஜனவரியிலிருந்து அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பயம் அந்த ஒரு போனில் இறங்கிவிட்டது.

பதினாறு வருஷமாக இருவரும் கன்டர்ஸ்வில் ஏரியில் ஜோடிப் போட்டிகளில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள். படகு ராய்ஸுடையது. ஆனால் படகின் முன்தளம் வெண்டலுடையது. பிச்சிங்கில் அவரை அடிக்க அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. பொய்யிரையை இடது கையில் பிடித்து, கழியின் நுனியைத் தாழ்த்தி, ஊஞ்சலாட்டி விட்டால் அது இருபது அடி தள்ளியிருக்கும் புதருக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் போய் இறங்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது, மீனுக்கு எப்படித் தெரியும்?

இந்த ஜனவரியில் ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்தார்கள். வெண்டல் தன் பழைய கனத்த கழியை எடுத்து ஒரு மணி நேரம் வீசினார். பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை. திரும்பி வரும்போது ராய்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. முதல் போட்டி மார்ச்சில். அன்று மாலை கையெழுத்துப் போடும்வரை ஜோடியை மாற்றிக்கொள்ளலாம், போட்டுவிட்டால் வருஷம் முழுக்க அதே ஜோடிதான் என்பது சங்கத்தின் விதி. படகில் தன் இடம் இருக்குமா போகுமா என்று இரவும் பகலும் குமைந்துகொண்டிருந்தவருக்குத்தான் இந்த போன் வந்தது.

ஆர்லீனின் கடையில் வேர்க்கடலை அவிகிற வாசனை அடித்தது. கடையின் முதலாளியும் வேலைக்காரியும் அவள்தான். புருஷன் போன பிறகு பத்து வருஷமாகத் தனியாக நடத்துகிறாள். மீன்பிடிக்கிற ஆம்பிளைகளின் பீற்றலையெல்லாம் கேட்டுக் கேட்டு அவளுக்கு எதுவும் ஆச்சரியமில்லை.

“தோளு எப்படி இருக்கு வெண்டல்?”

“தோளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு.”

அவள் அதை நம்பவில்லை. மூலையிலிருந்து ஒரு கழியை உருவி நீட்டினாள். “இதப் பிடிச்சுப் பாரு. ஏழடிதான். கையில இருக்கிறதே தெரியாது. நல்லா வளைஞ்சு குடுக்கும்.”

வெண்டல் அதைத் தொடக்கூட இல்லை. “இதென்ன, நாணல் குச்சியா? சர்ச்சுல ஞாயித்துக்கிழமை ஸ்கூலுக்கு வர்ற சின்னப் பசங்களுக்குக் குடு. நான் பிச்சிங் பண்ற ஆளு.”

“ரொம்பத்தான்” என்று ஆர்லீன் அதைத் திரும்பவும் மூலையில் சாத்தினாள்.

வெண்டல் வரிசையாகக் கழிகளைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் கழி தேர்ந்தெடுப்பதைப் பார்ப்பதற்கென்றே கடையில் ஆட்கள் நின்ற காலம் உண்டு. அடிப்பகுதியை இடுப்பில் ஊன்றி, நுனியைக் கூரையில் அழுத்தி, எந்த இடத்தில் வளைவு நின்று முரட்டுத்தனம் ஆரம்பிக்கிறது என்று பார்ப்பார். ரீலை மாட்டி ஒரு விரல்மேல் நிறுத்திப் பார்ப்பார். நுனி சரிந்தால் வேண்டாம். ஏழரை அடியில் ஒன்று அவருக்குப் பிடித்தது. நுனியில் மட்டும் கொஞ்சம் இளக்கம், மற்றபடி இரும்பு. புதருக்குள் மாட்டின மீனைச் சுற்றிக்கொள்ள விடாமல் தூக்கிப் படகில் போடும். ஆனால் இரண்டு தடவை ஆட்டியதுமே தோளில் ஊசி குத்தியது. முகத்தில் காட்டாமல் கழியைத் தாழ்த்தினார்.

“இதுதான் சரி. ஆனா கொஞ்சம் கனம்” என்றார்.

“தோள மறந்துடு” என்றார் ராய்ஸ். “நல்ல தோளு இருக்கிற ஆளுக்கு எடுக்கிற மாதிரி எடு.”

இந்த ஆளையா சந்தேகப்பட்டோம் என்று வெண்டல் தன்னையே நொந்துகொண்டார்.

“ரீலு வேகமா சுத்துறது வேணும் ஆர்லீன். மாட்டின அடுத்த நிமிஷம் மீனு வெளிய வந்துடணும். பின்னல் நரம்பு போட்டுடு. கைப்பிடி இடதுபக்கம்.”

“வலதுபக்கம்” என்றார் ராய்ஸ்.

வெண்டல் சிரித்தார். “நான் எப்படா வலது கையால சுத்தினேன்? பதினாறு வருஷம் பாத்தும் தெரியலையா உனக்கு?”

பிச்சிங்கில் கை மாற்றுகிற வேலையே கிடையாது. கழியைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்கும், மற்றக் கை சுற்றும். வலது கையால் வீசுகிறவன் இடது கையால் சுற்றுவான். வலதுபக்கக் கைப்பிடி கேட்கிறவன் இடதுகைக்காரன். ராய்ஸும் வலதுகைக்காரர்தான். வெண்டல் சிரித்து முடிப்பதற்குள் இந்தக் கணக்கெல்லாம் அவர் மண்டைக்குள் ஓடி முடிந்துவிட்டது. ராய்ஸ் சுவரில் தொங்கிய பொய்யிரைப் பாக்கெட்டுகளைப் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாருக்கு?” என்றார் வெண்டல்.

“கோல்பிக்கு.”

கோல்பி புரூயிட் கூரை போடும் வேலை செய்கிறவன். ஆறடி நாலு அங்குலம், முப்பத்துநாலு வயது. சர்ச் சாஃப்ட்பால் அணியில் இடது கையால் பந்து போடுகிறவன். அவன் தோளுக்கு ஒரு குறையும் கிடையாது.

“முதல் போட்டிக்குத்தான் பேர் குடுத்திருக்கேன். அப்புறம் உன் கை எப்படின்னு பாப்போம்” என்று ராய்ஸ் பொய்யிரைகளிடமே பேசினார். “உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல வெண்டல். அவனுக்கு ராடு பத்தி ஒரு மண்ணும் தெரியாது. உன்ன மாதிரி எடுத்துக் குடுக்க வேற யாரு இருக்கா?”

வெண்டலுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் இடத்தில் ஒருத்தனைக் கொண்டுவந்து நிறுத்துவாய், அவன் கையில் ஆயுதம் எடுத்துக் கொடுக்கவும் நானே வர வேண்டுமா? நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அத்தோடு தீர்ந்திருக்கும். அவர் கேட்கவில்லை.

ராய்ஸின் போன் அடித்தது. தப்பித்தோம் என்று அதை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்.

வெண்டல் இரும்பு மாதிரியிருந்த அந்தக் கழியைத் திரும்ப வரிசையில் வைத்தார். மூலைக்குப் போய் நாணல் குச்சியை எடுத்தார். இருக்கிறதிலேயே மெதுவாகச் சுற்றும் ரீலைக் காட்டினார். பின்னல் நரம்பு வேண்டாம், இழுத்தால் நீளுகிற நைலான் போதும் என்றார். புதருக்குள் மீன் மாட்டினால் இந்தச் செட்டை வைத்துக்கொண்டு கோல்பி பிரார்த்தனைதான் பண்ண வேண்டும்.

ஆர்லீன் கழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இதா?”

“இதுதான்.”

“வெண்டல், இது பிச்சிங்குக்கு...”

“எடுக்கிறது நானா, நீயா?”

அவள் ரீலை மாட்டி நரம்பைச் சுற்ற ஆரம்பித்தாள். திரும்பி வந்த ராய்ஸ் கழியைக் கையில் வாங்கி முகத்தைச் சுளித்தார். “கொஞ்சம் மெலிசா இல்ல?”

“என்னைய எடுக்கச் சொன்னியா இல்லையா?”

“சரி சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் ராய்ஸ். குற்ற உணர்ச்சி உள்ளவனை நம்பவைப்பது எவ்வளவு சுலபம் என்று வெண்டலுக்கு அன்று தெரிந்தது.

அன்று இரவு அவர் கெளுத்தி மீன் பொரித்து, ரசித்து, இரண்டு தட்டுச் சாப்பிட்டார். இனி நடக்கப்போவது கண்முன்னால் தெரிந்தது. கோல்பி மீனையெல்லாம் கோட்டை விடுவான். இருவரும் கடைசி இடத்தில் வருவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ராய்ஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வாசலுக்கு வந்து நிற்பார். கொஞ்சம் காக்க வைத்துவிட்டுச் சரி என்று சொல்லலாம். அந்தக் கொஞ்சத்தைக்கூட அவர் முடிவு செய்திருந்தார், ஒரு காபி குடித்து முடிக்கிற நேரம்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கியது. ஏரித் தண்ணீர் சில்லிட்டுப் போனது. சனிக்கிழமை மூன்று மணிக்கு வெண்டல் படகுத்துறைக்குப் போனார். வேடிக்கை பார்க்கத்தான், வேறெதற்கு? எடை மேடைக்குப் பக்கத்தில் ஆர்லீன் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெறும் பையோடு புலம்பினார்கள்.

“கடிக்குது, ஆனா வாய நல்லா மூட மாட்டேங்குது. இழுத்தா உதடு கிழிஞ்சு போயிடுது. நான் மட்டும் எட்டு மீன விட்டேன்” என்றான் ஒருவன்.

வெண்டல் அவன் கையிலிருந்த கழியைப் பார்த்தார். நுனியில் மட்டும் இளக்கம், மற்றபடி இரும்பு.

ராய்ஸும் கோல்பியும் கடைசியாக வந்தார்கள். தண்ணீரும் மீனுமாக இருந்த பையைத் தூக்க இரண்டு பேரும் சேர வேண்டியிருந்தது. ஐந்து மீன், இருபத்துநாலு பவுண்டு. அடுத்த ஜோடிக்குப் பதினொன்றுதான். கூட்டம் ஆர்ப்பரித்தது. மைக்கை கோல்பியிடம் கொடுத்தார்கள்.

“நான் ஒண்ணும் பண்ணல” என்றான் அவன். “எல்லாருக்கும் இன்னைக்கு ராடு விறைப்பா இருந்துச்சு. என்னுது வளைஞ்சு குடுத்துச்சு, நரம்பும் இழுபட்டுச்சு, மீனு ஒண்ணுகூடக் கழண்டு போகல. இந்த ராடப் பாத்துட்டு போன வாரம் எல்லாரும் சிரிச்சாங்க. ராய்ஸே மாத்திடலாம்னு சொன்னாரு. நான் ஒத்துக்கல. மிஸ்டர் வெண்டல் எடுத்துக் குடுத்தது, அவர் யாருக்கும் தப்பானத எடுத்துக் குடுக்க மாட்டாருன்னு சொன்னேன். அதோ அங்க நிக்கிறாரு பாருங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஆர்லீன் தட்டவில்லை. வேர்க்கடலைப் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள். வெண்டலுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும்போல இருந்தது. தொப்பியைத் தொட்டு ஒரு கும்பிடுபோலத் தலையசைத்தார், வேறென்ன செய்ய முடியும்?

சங்கத்து மேசையில் ராய்ஸும் கோல்பியும் வருஷத்துக்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வெண்டல் அதையும் நின்று பார்த்தார். பேனாவை வைத்த கையோடு ராய்ஸ் நேராக அவரிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“உண்மையச் சொல்றேன், எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நீ எங்களுக்குக் கெட்டது நெனைப்பியோன்னு இருந்துச்சு. என் பொண்டாட்டிகிட்டச் சொன்னேன், வெண்டல் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு.”

“விடு” என்றார் வெண்டல்.

அதற்குள் கோல்பி கழியோடு வந்துவிட்டான். பின்னாலேயே நாலைந்து பேர். யாரோ ஒருவன் பிளாஸ்டிக் வாளியைத் துறைமேடையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தான். “மிஸ்டர் வெண்டல், ஒரே ஒரு வீச்சு. எல்லாரும் பாக்கணும்னு ஆசைப்படுறாங்க” என்றான் கோல்பி.

மறுத்தால் கை போய்விட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு கழியை வாங்கினார். பொய்யிரையை இடது கையில் எடுத்து, நுனியைத் தாழ்த்தி, ஊசி குத்தப்போகிறது என்று தோளை இறுக்கிக்கொண்டு ஆட்டி விட்டார்.

பொய்யிரை வாளியின் நட்டநடுவில் போய் இறங்கியது. தோள் வலிக்கவில்லை.

கழி கையில் இருப்பதே தெரியவில்லை. மறுபடியும் வீசினார். மறுபடியும் வாளிக்குள் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துக் கைதட்டிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வண்டிகளுக்குப் போனார்கள். வெண்டல் நிறுத்தவில்லை. நாற்பது, ஐம்பது வீச்சு இருக்கும். வலி எங்கே எங்கே என்று தேடுகிறவர்போல வீசிக்கொண்டேயிருந்தார். வரவேயில்லை. இந்தக் கழியை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நிற்கலாம், ஒரு வருஷம் முழுக்க நிற்கலாம்.

ராய்ஸ் சிரிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

“வெண்டல்” என்றார். “இது உன்னால முடியும்னா, அன்னைக்குக் கடையில நீ ஏன் எடுத்துக்கல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏண்டா அவனோட கையெழுத்துப் போடப் போறேன்?”

வெண்டலிடம் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான் இருந்தது, அதை அவர் வாயால் சொல்ல முடியாது. நரம்பைக் கடைசிவரை சுற்றி, பொய்யிரையின் முள்ளைக் கழியின் வளையத்தில் மாட்டினார். கோல்பி மரியாதையாகக் கொஞ்சம் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தான். வெண்டல் கழியை அவன் இடது கையில் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.