ஹால்வர் ருஸ்தாத்தின் பத்தாவது குண்டு

ஹால்வர் ருஸ்தாத் செவ்வாய்க்கிழமை சுட்டால் குண்டு அடுத்த வாரம் சனிக்கிழமைதான் இலக்கில் போய் விழும். சரியாகப் பதினொரு நாள், நிமிஷம் பிசகாது. மொண்டானாவில் எங்கள் ஆன்ட்லர் கிரீக் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குறை அவர் கையில் இல்லை, தோட்டாவில். அவருடைய பழைய துப்பாக்கிக்கான தோட்டாவைச் செய்வதை 1931இலேயே நிறுத்திவிட்டார்கள். பள்ளிப் பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சும்மா இருக்க முடியாமல், வேறு ரகத் தோட்டாவின் பித்தளைக் கூடுகளை வாங்கி, நீளம் குறைத்து, கழுத்தைத் தீயில் காட்டி இளக்கி, அச்சில் வைத்து அழுத்தி, இரண்டு குளிர்காலம் மல்லுக்கட்டி அந்தத் தோட்டாவை மறுபடி உண்டாக்கினார். கூட்டின் அடியில் பொறித்திருந்த பெயர் ஒன்று, தோட்டா வேறொன்று. சுட்டபோது சத்தம் வந்தது, புகை வந்தது, தோளில் இடித்தது. இலக்குக் காகிதத்தில் மட்டும் ஓட்டை இல்லை.

பதினோராம் நாள் அந்த ஓட்டை வந்தது. அப்போது அவர் சுட்டிருந்த நான்காம் தடத்தில் யாருமே இல்லை. எங்கள் துப்பாக்கி கிளப்பில் சுடுகளத்தைக் கவனித்துக்கொள்ளும் மேவிஸ் டீக், மர பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் சுட்ட அன்றிலிருந்து நாட்களை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு ஹால்வரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"என்ன மனுஷன் நீ? சுட்டா சுட்ட அன்னிக்கே வந்து சேர வேணாமா?"

"இத்தனை வருஷம் தூங்குனது, மேவிஸ். எழுந்து மூஞ்சி கழுவிக் கிளம்ப நேரம் ஆகாதா?"

அதற்குமேல் அவளும் வாதாடவில்லை. சுவரில் ஒரு காலண்டர் மாட்டினாள். ஹால்வர் சுடும் ஒவ்வொரு குண்டும் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று அதில் எழுதினாள். அந்த நேரத்தில் காகிதம் மாற்ற யாரும் முன்னால் போகக்கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கழிவறை எங்கே என்று சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்லுவோம்.

ஹால்வருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை பாக்கியிருந்தது. ஜூன் மாத முதல் சனிக்கிழமை நடக்கும் பழைய துப்பாக்கிப் போட்டியில் எல்வுட் பிஸ்பியை ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும். எல்வுட் தீவனக் கடைக்காரர், வாய்த்துடுக்குக்காரர், பத்தொன்பது வருஷமாகப் பரிசுப் பன்றித் தொடையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர். அந்த வருஷம் ஹால்வர் கணக்காக மே மாதச் செவ்வாய் ஒன்றில், இலையசையாத காலையில், காகிதமே மாட்டாத வெறும் சட்டத்தைக் குறிபார்த்துப் பத்துக் குண்டுகளைச் சுட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, காலணி கழற்ற உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வியாழக்கிழமை புதைத்தோம். பாவம், போட்டிக்கு இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை நான்காம் தடத்தில் மேவிஸ் காகிதம் மாட்டினாள். எல்வுட் குதித்தார்.

"செத்தவனுக்கு எதுக்கும்மா காகிதம்?"

"பேர் குடுத்தவன்தான் சுடணும்னு விதி. அவர்தானே சுட்டாரு?"

"உயிரோட இருக்க வேணாமா?"

"சுடும்போது உயிரோடதான்யா இருந்தாரு!"

விதிப் புத்தகத்தைப் புரட்டினோம். அதில் மேவிஸ் சொன்னதற்கு மாறாக ஒரு வரிகூட இல்லை. அன்றைக்குப் பார்த்துப் பேய்க்காற்று, தொப்பிகளெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நாங்கள் சுட்டதெல்லாம் காகிதத்தின் ஓரங்களைத்தான் தின்றது. எல்வுட்டே நூற்றுக்கு எண்பத்தொன்றுதான் எடுத்தார், அதுவே எங்களில் அதிகம். பத்து மணிக்கு நான்காம் தடத்தில் முதல் ஓட்டை விழுந்தது. பிறகு இரண்டு, மூன்று. எல்லாம் நடுவட்டத்தை ஒட்டியே விழுந்தன, ஏனென்றால் அவை வந்தது செவ்வாய்க்கிழமைக் காற்றில்.

"அநியாயம்யா இது! அவனுக்கு மட்டும் வேற நாள் காத்து!" என்று எல்வுட் தொலைநோக்கியிலிருந்து கண்ணெடுக்காமலே கத்தினார்.

பத்தே காலுக்கு ஒன்பதாவதும் வந்துவிட்டது. மொத்தம் எழுபத்தெட்டு. இன்னும் நாலு புள்ளி போதும். ஆனால் பத்தாவது குண்டைக் காணோம். காலண்டரில் அன்றைக்கு 'பத்து மணி முதல், பத்துக் குண்டு' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. பத்தரைக்குப் போட்டி முடியும். பத்து இருபத்தைந்து ஆயிற்று, இருபத்தெட்டு ஆயிற்று. முன்வரிசையில் கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்த ஹால்வரின் மனைவி தோரா, மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் செத்துப்போன குண்டும் உண்டோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேவிஸ் நேரம் முடிந்ததென்று சொல்லக் கையைத் தூக்கினாள்.

"கையைக் கீழ போடு, மேவிஸ்."

சொன்னது எல்வுட். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

"இன்னும் ஏழு நிமிஷம் பொறுக்கணும். அன்னிக்கு ஒன்பதாவது சுட்டதும் நான் வந்துட்டேன். இருபத்திரெண்டு நிமிஷம் அவனை நிப்பாட்டி வச்சுப் பேசுனேன். அதுக்கப்புறம்தான் பத்தாவது சுட்டான்."

"அப்படி என்னய்யா பேசுன?" என்றாள் மேவிஸ்.

எல்வுட் தோராவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"இந்த வருஷமும் நீ தோக்கத்தான் போறடான்னு."

நேரத்தை நீட்டுவதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மேவிஸ் கேட்டாள். ஆட்சேபிக்கக்கூடிய ஒரே ஆள் எல்வுட்தான். அவர் ஆட்சேபம் இல்லையென்று தலையாட்டிவிட்டார். பத்து முப்பத்தேழுக்குக் காகிதத்தின் நட்ட நடுவில் ஒரு ஓட்டை விழுந்தது. மேவிஸ் பார்த்துவிட்டுப் பத்து என்றாள், மொத்தம் எண்பத்தெட்டு.

எல்வுட் தொப்பியைத் தேடித் தலையில் கை வைத்தார், அது காற்றோடு போய் வெகுநேரமாகியிருந்தது. பிறகு ஹால்வர் ஜெயித்த பன்றித் தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு, தோராவோடு அவள் வீடுவரை நடந்து போனார். வழியெல்லாம் வாயே திறக்கவில்லை என்று தோரா பிற்பாடு சொன்னாள். வாசலில் மட்டும், "ஏழு புள்ளி வித்தியாசம், தோரா. சும்மா இல்ல, ஏழு புள்ளி" என்றாராம்.