வளைவில் நின்று கிளம்பிய எஞ்சின்

முதல் வருஷப் போட்டியில் ஜெயராணியின் சின்ன நீராவி எஞ்சின் பாதி ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. குழாயில் மூட்டுக்கு மூட்டு ஆவி பீறிட, வேடிக்கை பார்த்த கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவன், "அக்கா, இட்லி வெந்துடுச்சா?" என்று கேட்டான். மைதானமே சிரித்தது. ஜெயராணியும் சிரித்துவைத்தாள். ஆனால் அண்ணாமலை நகரிலிருந்து கடலூர் வரும்வரை கணவன் ராபர்ட்டின் வேனில் அந்த மூட்டுகளையே திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிப்காட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக பாய்லர் பார்ப்பவள் அவள். எங்கே ஆவி கசிந்தாலும் கூப்பிடுவது அவளைத்தான். அவள் செய்த எஞ்சினே ஊர் பார்க்கக் கசிந்ததுதான் அவளால் தாங்க முடியாதது.

போட்டியின் விதி கடுமையானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முன்பு மலை ரயில் பாதைக்கென்று யோசித்த ஏதாவது ஒரு முறையில் சின்ன எஞ்சின் செய்துவர வேண்டும். ஐந்தங்குல அகலத் தண்டவாளம், இருபதடிக்கு ஓரடி ஏற்றம், வழியெல்லாம் வளைவு. இரண்டு மூட்டையில் ஐம்பது கிலோ மணலை இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போக வேண்டும். தள்ளிவிடவோ முட்டுக்கொடுக்கவோ கை பட்டால் அவுட்.

ஏற்றத்தில் வழுக்காமல் இழுக்கச் சக்கரங்கள் நிறைய வேண்டும். அத்தனையையும் ஒரே சட்டத்தில் நீளமாகப் பூட்டினால் எஞ்சின் வளைவில் திரும்பாது. அதனால்தான் ஜெயராணி சக்கரங்களை, தனித்தனியாகத் திரும்பும் இரண்டு வண்டிகளாகப் பிரித்திருந்தாள். ஆனால் திரும்புகிற வண்டிக்கு ஆவி கொண்டுபோகும் குழாயும் திரும்ப வேண்டுமே! அந்த மூட்டுகள்தான் கசிந்தன. அந்தக் காலத்தில் இந்த முறையைக் கொண்டுவந்தவர்களும் இதே கசிவோடுதான் மல்லுக்கட்டினார்களாம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த கையோடு ராபர்ட் வேனுக்கு அடியில் படுத்தான். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டில் கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருந்தது. ஜெயராணி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள்.

"பள்ளத்துல சக்கரம் மேலயும் கீழயும் ஆடும்ல? இந்த ஜாயின்ட்தான் அதுக்கேத்தாப்ல மடங்கிக் குடுக்கும். மடங்கினாலும் சுத்துறது நிக்காது" என்றான் ராபர்ட்.

"தண்டு நீளம் பத்தாம போனா?"

"அதுக்குத்தான் குழாய்க்குள்ள இன்னொரு தண்டு போயிப்போயி வருது. குனிஞ்சு பாரு."

ஜெயராணி ஞாயிற்றுக்கிழமைப் புடவையோடு மண்ணில் படுத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, நான் எதுக்கு ஆவியச் சக்கரத்துக்கிட்ட இழுத்துட்டுப் போறேன்? சுத்துறத மட்டும் கொண்டுபோனாப் போதாதா?"

ராபர்ட்டுக்குப் புரியவில்லை. அவள் உள்ளே ஓடி, நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தைப் புரட்டினாள். அமெரிக்காவில் காட்டு மரம் இழுக்கச் செய்த ஒரு எஞ்சின் படம் அதில் இருந்தது. சிலிண்டர்கள் ஒரு பக்கமாக நட்டுக்கொண்டு நிற்க, பாய்லர் மறுபக்கம் ஒதுங்கியிருக்கும். கோணலாக இருக்கிறதே என்று போன வருஷம் தாண்டிப்போன பக்கம். இப்போதுதான் ஓரமாக ஓடிய தண்டும், அதில் மடங்கும் மூட்டுகளும், ஒவ்வொரு அச்சிலும் கடித்துக்கொண்டிருந்த பல்சக்கரமும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆவி போய்ச்சேரும் சிலிண்டர் அசையவே அசையாது. குழாய் திரும்ப வேண்டியதே இல்லை.

அவள் தம்பி அன்புமணி கடலூர் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருந்தான். பத்து மாதம் அங்கேதான் வேலை நடந்தது. முதலில் வெட்டிய பல்சக்கரங்கள் சோதனை ஓட்டத்திலேயே பல் உதிர்ந்தன. முகம் சுளிக்காமல் நல்ல இரும்பில் திரும்ப வெட்டினார்கள்.

"அக்கா, எல்லாம் ஒரே பக்கமா இருக்கே, சாஞ்சுடாதா?"

"அதான் பாய்லர அந்தாண்ட தள்ளி வெச்சிருக்கேன். எடை சரியாப் போயிடும்."

அடுத்த போட்டி 2009 டிசம்பரில் நடந்தது. அன்று காலையிலிருந்தே தூறல். தண்டவாளம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. போன வருஷம் ஜெயித்த அணி பித்தளைப் பளபளப்போடு ஒரு நீள எஞ்சினைக் கொண்டுவந்திருந்தது. அது வேகமாகக் கிளம்பி, மூன்றாவது வளைவில் இறுகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றியது. பின்னால் வந்த இரண்டும் அப்படியே.

ஜெயராணியின் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி படபடவென்று சத்தம் போட்டது. நகர்ந்ததோ ஆமை வேகம். "பாட்டு ஜாஸ்தி, ஆட்டம் கம்மி!" என்று யாரோ கத்தினார்கள். அவள் காதில் வாங்காமல் கூடவே நடந்தாள். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. ஒரு சக்கரமும் வழுக்கவில்லை. சிரிப்பு அடங்கியது.

கடைசி வளைவில் அவள் கண் நீர்மட்டக் கண்ணாடியில் விழுந்தது. தண்ணீர் அடியில் கிடந்தது. ஓட்டினால் பாய்லர் காய்ந்து வெடித்தாலும் வெடிக்கும். நிறுத்தினால் இந்த ஈர ஏற்றத்தில் திரும்பக் கிளம்புமா? சிப்காட்டில் யாரையும் செய்ய விடாத தப்பைப் பரிசுக்காக அவள் செய்யத் தயாரில்லை. ஆவியை அடைத்து, பிரேக்கைத் திருகினாள்.

"ராணி, சக்கரத்துக்குக் கட்ட வைக்கட்டா?" என்று ராபர்ட் பதறினான்.

"கிட்ட வராதீங்க! கை பட்டா அவுட்டு."

கைப்பம்பில் தண்ணீர் ஏற்றினாள். அழுத்தமுள் இறங்கியது. கரியைக் கிளறிவிட்டுக் காத்திருந்தாள். முள் மெல்ல மேலே வந்ததும் பிரேக்கைத் தளர்த்தி, ஆவியை நூல் நூலாகத் திறந்தாள். பற்கள் ஒன்றையொன்று கடித்தன. தண்டு முறுகியது. எட்டுச் சக்கரமும் ஒன்றாக அரையங்குலம் நகர்ந்தன, பிறகு ஓரங்குலம், பிறகு படபடவென்று அந்தப் பழைய சத்தம்.

"ஏறுதுடீ!" என்று ராபர்ட் கத்தினான். எஞ்சின் உச்சிக்குப் போய் நின்றபோது ஜனங்கள் தூறலில் குடையை வீசிவிட்டுக் கைதட்டினார்கள்.

நடுவர் சடையப்பன் ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் இருந்தவர். எஞ்சினைச் சுற்றிவந்து, மழைக்கோட்டோடு மண்டியிட்டுக் குழாய் மூட்டுகளை உற்றுப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவில்லை.

"ஏத்தத்துல நிறுத்தி எடுத்தீங்களே, அதுக்கே முதல் பரிசு குடுக்கலாம்மா. ஜனங்க இன்னொருவாட்டி ஓட்டச் சொல்றாங்க. முடியுமா?"

ஜெயராணி நெற்றி ஈரத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"அன்பு, இன்னொரு மணல் மூட்ட தூக்கிப் போடுடா."

எழுபத்தைந்து கிலோவோடும் அது ஏறியது.