இன்னும் கால் சுற்று

குடிநீர் ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, ஊரைச் சுற்றியிருக்கும் ஒன்பது நீரேற்று நிலையங்களில் தண்ணீர் மாதிரி எடுத்து வர வேண்டும். பஸ் போகாத இடங்கள். அதனால் கார் வேண்டும், காருக்குத் தகுதிச் சான்று வேண்டும். அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை இரண்டையும் காட்டிவிட்டுச் சேரலாம். காட்டாவிட்டால் பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

எங்கள் வீட்டில் கார் இருந்தது. அப்பா அதை வாங்கியபோது எனக்கு இரண்டு வயது. அவர் ஓய்வு பெற்ற பிறகு அது தகரக் கொட்டகையின் கீழ் நின்றுகொண்டே இருந்தது. அடியில் ஒரு அட்டையைப் போட்டு வைத்திருந்தார். அட்டையின் நடுவில் கறுப்பாக ஒரு கறை, முன்பக்கம் துருநிறத்தில் இன்னொன்று. கறுப்பு, எண்ணெய். மற்றது எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர். அதில் பச்சைநிறக் கூலன்ட் கலந்திருக்க வேண்டும். அப்பா பல வருடமாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்ததால் அது டீ நிறத்தில் இருந்தது.

பரிசோதனை மையத்தின் விதி எளிமையானது. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அடியில் விளக்கடித்துப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பெயில். எனக்கு வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தெருமுனை மெக்கானிக் இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். நானே பார்ப்பது என்று அந்த வாரத் திங்கட்கிழமையே முடிவு செய்தேன்.

"நீயா?" என்றார் அப்பா.

"கேஸ்கெட்தாம்ப்பா போயிருக்கும். மாத்திடலாம்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஒழுகுதுன்னா லூசா இருக்குன்னு அர்த்தம். இறுக்குனா நிக்கும்."

அப்பா முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில் பைப் ஃபிட்டராக இருந்தவர். நான் மாதிரி எடுக்கப் போகவிருந்த ஒன்பது நிலையங்களில் நான்குக்கு அவர்தான் குழாய் பதித்தார். இரும்புக் குழாய்க்கு அவர் சொன்னது சரி.

முதலில் எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிய வேண்டும். எஞ்சின் முழுவதும் பழைய அழுக்கு அப்பியிருந்தது. மண்ணெண்ணெயில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். ஈரம் கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு விழும்.

அம்மா வாசலில் வந்து நின்று பார்த்தாள். "அடிப்பாவி, என் டப்பாவா அது? பொண்ணு பாக்க வர்றப்போகூட நீ இவ்ளோ பூசிக்கிட்டது இல்லியேடி."

"இப்போ காருதாம்மா பாஸாகணும். நான் இல்ல."

இரண்டு இடத்தில் கோடு விழுந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், பொருத்தும் இடத்தில் வெடித்திருந்தது. எஞ்சினின் தலையில் கவிழ்த்து வைத்த தட்டுபோல ஒரு மூடி இருக்கும். வால்வு மூடி என்பார்கள். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் ரப்பர்தான் கேஸ்கெட். அதன் பின் ஓரத்திலிருந்து எண்ணெய் இறங்கியது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் நான் நீட்டிய சீட்டைப் படித்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"வண்டிய யாரும்மா பாக்கறா?"

"நான்தாண்ணே." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அவர் ஹோஸ், கிளிப், கேஸ்கெட், கூலன்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். "மூடியோட மூலையில மட்டும் சிலிகான் பேஸ்ட் துளியூண்டு வை. கேக்குக்கு க்ரீம் வைக்கிற மாதிரி வெச்சித் தொலைச்சிடாத."

"டார்க் ரென்ச் வாடகைக்குக் கிடைக்குமாண்ணே?"

போல்ட்டை இத்தனை அளவுக்கு இறுக்க வேண்டும் என்று குறித்து வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பானர் அது. அவர் ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இறக்கி, தூசியை ஊதினார்.

"வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. இதைக் கேட்டு வந்த முத ஆளு நீதான். வாடகையெல்லாம் வேணாம், வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடு. இங்க எல்லாரும் கை அளவுதான். அப்புறம் போல்ட்ட ஒடிச்சிட்டு எங்கிட்டயே வருவாங்க."

புதன்கிழமை தண்ணீர்ப் பக்கம். பழைய தண்ணீரை இறக்கினேன். சுத்தத் தண்ணீரை மூன்று முறை விட்டு ஓடவிட்டு வடித்தேன். மூன்றாவது முறை வந்தது ஓரளவு தெளிவாக இருந்தது. ஹோஸை மாற்றி, கிளிப்பைப் போட்டு, கூலன்ட்டை ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். விரல் நகங்களுக்குள் துரு ஏறிவிட்டது.

வியாழக்கிழமை வால்வு மூடி. பழைய கேஸ்கெட் ரப்பராகவே இல்லை. சூடுபட்டுச் சூடுபட்டுப் பிளாஸ்டிக்போல இறுகி, தொட்டதும் துண்டு துண்டாக ஒடிந்தது. ரப்பர் வளையும்வரைதான் அடைக்கும். இருபத்திரண்டு வருடம் அது வளைந்ததே பெரிது. ஒட்டியிருந்த துணுக்குகளைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுத்தேன். இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். அடியில் இருப்பது அலுமினியம்.

எட்டு போல்ட். நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக, வெளியே போக வேண்டும். ஒரே தடவையில் இறுக்காமல் மூன்று சுற்றாக. கடைசி அளவு பத்து நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் மூன்றேகால் கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். எட்டும் டிக் டிக் என்று நின்றன.

அப்பா நாற்காலியைக் கொட்டகைக்கே கொண்டுவந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்ப்பா."

"கை நோகவே இல்லியேம்மா உனக்கு."

"நோகக் கூடாதுப்பா. மூடிதானே. அழுத்தம் எல்லாம் கீழ, எஞ்சினுக்கு உள்ளதான். இது எண்ணெய் தெறிக்காம மூடி வெச்சாப் போதும்."

அவர் தலையை ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் புது அட்டை போட்டு அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். அணைத்த பிறகு இன்னும் அரைமணி நேரம் காத்திருந்தேன். அட்டையை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். அம்மா விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு பொட்டுகூட இல்லடி!"

அப்பாவும் தடவிப் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். நான் அந்த அட்டையை மடிக்காமல் உள்ளே எடுத்துப்போய் என் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் குளித்து, இஸ்திரி போட்ட துணியை உடுத்திக்கொண்டு வெளியே வந்தபோது அப்பா காரின் முன் சீட்டில் தயாராக உட்கார்ந்திருந்தார். பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் துடைத்திருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டாவது சிக்னலில் லேசாகக் கருகல் வாடை அடித்தது.

"பழைய வண்டி. சூடானா வாடை வரத்தான் செய்யும்" என்றார் அப்பா.

நேற்று வரவில்லை. சொல்லாமல் ஓட்டினேன்.

மையத்தில் பரிசோதகர் காரைப் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்லிவிட்டு, கையில் விளக்கோடு படியிறங்கிக் கீழே போனார். பிரேக் பார்த்தார். விளக்குகளைப் போட்டுக் காட்டச் சொன்னார். எல்லாம் சரி. பிறகு எஞ்சினை ஓடவிடச் சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம். ஆறு. ஏழு.

"சொட்டுதுங்க" என்றார் கீழேயிருந்து.

"தண்ணியா சார்?"

"எண்ணெய்."

பானெட்டைத் தூக்கினேன். மூடியின் பின் வரிசையில் ஒரு போல்ட்டின் தலை சாய்ந்திருந்தது. அந்த இடத்தில் புது கேஸ்கெட் பிதுங்கி நாக்கை நீட்டியதுபோல வெளியே வந்திருந்தது. மற்ற ஏழு போல்ட்டின் தலைகளிலும் முனைகள் புதிதாக மழுங்கிப் பளபளத்தன. நான் போட்டது டார்க் ரென்ச்சின் குழல். அது முனையை மழுக்காது, சாதா ஸ்பானர்தான் மழுக்கும்.

அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பரிசோதகர் மேலே ஏறி வந்ததும் அவரிடம் சொன்னார்.

"எம் பொண்ணு மாட்டினது சார். பி.எஸ்சி. படிச்சிருக்கா. அவ இறுக்குனது பத்தாதுன்னு நானும் காலையில எல்லாத்தையும் ஒரு கால் சுத்து வெச்சேன். அப்படியும் ஒழுகுது பாருங்க."

பரிசோதகர் சாய்ந்த போல்ட்டை விரலால் அசைத்தார். அது ஆடியது.

"இதுக்கு எவ்ளோ வெச்சீங்க பெரியவரே?"

"இதுக்கும் கால் சுத்துதான். கொஞ்சம் வழுக்குன மாதிரி இருந்துச்சு. சரி, பிடிக்கலேன்னு இன்னும் கால் சுத்து வெச்சேன்."

"மரை போயிடுச்சுங்க. அலுமினியம் இது."

"இரும்புன்னா நின்னிருக்கும் சார்" என்றார் அப்பா.

பரிசோதகர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று ஒரு நொடி காத்திருந்தார் என்று நினைக்கிறேன். சொல்வதற்கு எனக்கு வாக்கியம் தயாராக இருந்தது. எங்களுக்குப் பின்னால் பதினோரு வண்டிகள் நின்றன. ஒரு ஆள் ஹாரன் அடித்தார். நான் பானெட்டை மூடினேன்.

"பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி கொண்டாங்க. அதுக்கு முன்னாடி சிஸ்டமே எடுக்காது" என்று சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வாயிலுக்கு வெளியே காரை ஓரங்கட்டி ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். "அப்படியாம்மா. நல்ல மார்க் வெச்சிருந்தீங்க. சரி, அடுத்தவங்களுக்குச் சொல்லிடறேன். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது போடுங்க." அடுத்த தடவை எப்போது என்று நான் கேட்கவில்லை. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் நான்கு வருடம்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா தொட்டீங்க? நேத்து நீங்களே தடவிப் பாத்தீங்களே. காஞ்சு கெடந்துச்சே."

"அது வீட்டு வாசல்லம்மா. நீ ரோட்டுல போகணும். அந்த ஸ்டேஷனுக்கெல்லாம் நடுவுல மனுஷ நடமாட்டமே கெடையாது, எனக்குத் தெரியும். நீ இறுக்குனதுன்னு நெனச்சா எனக்குப் பயமா இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேணாம்பே."

கருகல் வாடையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவரு என்ன வேணும்னா செஞ்சாரு? விடுடி."

"வேணும்னு செஞ்சிருந்தா நாலு வார்த்தை கேட்டிருப்பேம்மா."

சனிக்கிழமை அப்பா வாசலில் எதிர்வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே, பொண்ணு கார் மெக்கானிக் ஆயிடுச்சாமே?"

"அட, ஏதோ ஆசைப்பட்டுச்சு. நானும் குறுக்க நிக்கல. ஆனா கைவேலைன்னா அதுக்குன்னு ஒரு பலம் வேணும்ல. நானே கடைசியில இறுக்கிப் பாத்துட்டேன், நிக்கல."

"கவலப்படாதீங்கண்ணே. வேற வேல வராமலா போயிடும்?"

"அதான். வீட்டோட இருந்தா நமக்கும் ஒத்தாச."

இருவரும் சிரித்தார்கள். அப்பாவின் சிரிப்பில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். இனி யார் கேட்டாலும் அதையேதான் சொல்வார். அடுத்த வாரத்துக்குள் எனக்கே அது பாதி உண்மைபோலத் தோன்ற ஆரம்பித்துவிடும் என்று பயந்தேன். அறைக்குப் போய் அட்டையை எடுத்து ஒருமுறை பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. இதை யாரிடம் காட்டுவது?

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். கதவு தட்டப்பட்டது. அப்பா கையில் கேஸ்கெட் பொட்டலமும் ஒரு போல்ட்டும் இருந்தன.

"நேத்தே கடைக்காரர் வீட்டுக்குப் போய்ப் பாத்தேம்மா. மரை போன எடத்துல ஒரு சைஸ் பெருசா மரை வெட்டிப் போட்டா பிடிக்குமாம். பதினஞ்சு நாள்ல பாஸ் பண்ணிடலாம். எந்திரி."

"எனக்கு இனிமே எதுக்குப்பா கார்?"

"வீட்டு வண்டிதானே. இருந்துட்டுப் போகட்டும்."

"நீங்களே போடுங்க."

அவர் கையிலிருந்த போல்ட்டை விரலில் உருட்டிப் பார்த்தார். இந்நேரம் நான் முதல் நீரேற்று நிலையத்தின் கேட்டில் பாட்டிலோடு இறங்கியிருக்க வேண்டும். வேறு யாரோ இறங்கியிருப்பார்.

"எவ்ளோ வெக்கணும்மா அதுல?"

அதுவரை அவர் என்னிடம் ஒரு அளவு கேட்டதில்லை.

"பத்து" என்றேன்.

"பத்தா? பத்து என்ன? இரு, எழுதிக்கறேன்." சட்டைப் பையைத் தடவினார். மேஜையைச் சுற்றிலும் பார்த்தார். பேனா என் தலைமாட்டில், அவருக்குத் தெரியாத பக்கம் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.